அச்சாறு ஊறவைக்க எந்தப் பாத்திரம் பாதுகாப்பானது? அலுமினியச் சட்டியும் அம்மாவின் சீனச்சாடியும்

கல்லடிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை இரவு சின்ன வெங்காயம், கரட், பச்சை மிளகாய், பப்பாசிக்காய் என நான்கு கிலோ மரக்கறியை வெட்டி, உப்பும் வினாகிரியும் சேர்த்து, வீட்டில் உள்ளவற்றில் பெரியது என்ற ஒரே காரணத்துக்காக அலுமினியச் சட்டி ஒன்றில் ஊறவைத்தேன். விடிந்து பார்த்தபோது பப்பாசித் துண்டுகள் சாம்பல் நிறமாக மங்கியிருந்தன. சட்டியின் உட்புறத்தில் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள் விழுந்திருந்தன; வாயில் வைத்தபோது உலோகச் சுவை தெரிந்தது. நான்கு கிலோவையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு மாதத்தில் என் அக்காவின் மகனுக்குத் திருமணம். மஞ்சள்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள 15 கிலோ அச்சாறு செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன். இம்முறை பாத்திரத்தை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பது என்று இருக்கிறேன். என்னிடம் உள்ளவை: சில்வர் சட்டிகள் மூன்று, ஜாம் போத்தல்கள் ஏறத்தாழ முப்பது, வீட்டுக்கு நிறம் பூசியபோது மிஞ்சிய பெரிய பிளாஸ்டிக் வாளிகள் இரண்டு (நன்றாகக் கழுவியவை), தயிர் வாங்கிச் சேர்ந்த மண்சட்டிகள் பல, அம்மாவின் சீனச்சாடி ஒன்று. அந்தச் சாடி 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போன வீட்டில் உடையாமல் கிடந்தது. 2004 ஆழிப்பேரலையின்போது சேற்றுக்குள் புதைந்து கிடந்து மீண்டது. அதில் அம்மா இன்றும் தேசிக்காய் ஊறுகாய் போடுகிறார். இவற்றுள் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அறிந்தவர்கள் காரணத்துடன் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கல்லாற்று ஆசிரியன் எழுதியது:

நான்கு கிலோவையும் கொட்டியது சரியான முடிவு, தங்கச்சி. நான் முப்பது ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்தவன். நடந்ததை விளக்கிவிட்டால் மற்றப் பாத்திரங்களைப் பற்றிய பதில்கள் பாதிக்குமேல் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

அலுமினியம் நம் வீட்டில் நிலைத்து நிற்பது அதன் மேற்பரப்பில் தானாகவே படியும் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தினால்தான். அந்தப் படலம் பி.எச். (புளிப்பை அளக்கும் எண்; எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) ஏறத்தாழ 4.5 முதல் 8.5 வரையான பரப்பில் கரையாமல் இருக்கும். வினாகிரியின் பி.எச். 3-ஐ ஒட்டியது, ஆகவே படலம் கரைகிறது. அதோடு நீங்கள் சேர்த்த உப்பிலுள்ள குளோரைட்டு, படலம் பலவீனமான இடங்களைத் தேடி ஊசிக்குழிகளாகத் துளைக்கிறது. நீங்கள் கண்ட புள்ளிகள் அவையே. அலுமினியச் சட்டியில் சோறு வடிப்பதையோ பால் காய்ச்சுவதையோ நான் குறை சொல்லவில்லை. புளிப்பும் உப்பும் ஒன்றாக இரவு முழுவதும் அதில் தங்கக்கூடாது என்பதே என் கருத்து.

பாத்திரத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அமிலம் அதைக் கரைக்குமா? உப்பு அதை அரிக்குமா? எத்தனை நாள் உள்ளே இருக்கப்போகிறது? மூன்றாவது கேள்வியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஒரு மணி நேரத்துக்குக் குற்றமில்லாத பாத்திரம் ஆறு மாதத்துக்குக் குற்றமுள்ளதாகலாம்.

இந்தக் கேள்விகளின்படி செம்பு, பித்தளை, இரும்பு, நாகம் (துத்தநாகம்) பூசிய தகர வாளி ஆகிய நான்கும் உடனே விலகிவிடும். செம்பிலும் பித்தளையிலும் பச்சைக் களிம்பு ஏறும். நாக வாளியில் நாகம் கரைந்து வயிற்றைப் புரட்டும். இரும்பு, மாங்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கும். சில்வர் சட்டியில், அதாவது துருப்பிடிக்காத உருக்கில், ஓரிரவு ஊறவைப்பதிலோ வினாகிரியைக் கொதிக்கவைப்பதிலோ தடையில்லை. ஆனால் மாதக்கணக்கில் உப்பு நீரையும் அமிலத்தையும் அதில் வைத்தால் சாதாரண வகை உருக்கும் புள்ளி விழும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல உருக்கு என்று சிலர் சொல்வார்கள். காந்தம் ஒட்டாத மலிவு வகைகளும் இருப்பதால் அந்தச் சோதனையை நம்பவேண்டாம்.

காத்தான்குடி அடுப்படி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். பதினொரு ஆண்டுகளாக வீட்டில் அச்சாறு செய்து கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். தொடக்கத்தில் கையில் அகப்பட்ட எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் கண்ணாடிப் போத்தலுக்கு வந்து சேர்ந்தேன். அது உப்பையும் புளிப்பையும் உறிஞ்சாது, சென்ற தடவையின் மணத்தை வைத்துக்கொள்ளாது, உள்ளே நடப்பதை வெளியிலிருந்தே காட்டும். சகோதரியின் முப்பது ஜாம் போத்தல்களும் இந்த வேலைக்குப் போதுமானவை.

ஆனால் போத்தலைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். வாய் விளிம்பில் ஒரு நூலையோ பஞ்சையோ சுற்றி இழுத்துப் பாருங்கள். சிக்கினால் அந்த இடத்தில் கண்ணாடி உதிர்ந்திருக்கிறது, அந்தப் போத்தல் வேண்டாம். மண்ணெண்ணெயோ மருந்தோ இருந்த போத்தலை எத்தனை முறை கழுவினாலும் எடுக்காதீர்கள். கழுவிய போத்தல்களைக் குளிர்ந்த நீருடன் பெரிய சட்டியில், அடியில் துணி விரித்து அடுக்கி, நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 10 நிமிடம் வைக்கவேண்டும். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் 10 நிமிடம் போதும். மலைநாட்டில் உள்ளவர்கள்தான் நேரத்தைக் கூட்டவேண்டும். போத்தல் சூடாக இருக்கும்போதே சூடான வினாகிரியை ஊற்றுங்கள். குளிர்ந்த போத்தலில் கொதிக்கும் வினாகிரி பட்டால் அடி கழன்றுவிடும். சீமெந்துத் தரையிலும் வைக்காதீர்கள். பலகையிலோ மடித்த சாக்கிலோ வையுங்கள். என் கணுக்காலில் உள்ள தழும்பு இதை அலட்சியம் செய்த நாளில் வந்தது.

மூடியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. என் அச்சாறு கெட்ட தடவைகளில் பெரும்பாலும் போத்தல் குற்றமற்றது, மூடிதான் காரணம். ஜாம் போத்தலின் தகர மூடிக்கு உட்புறத்தில் ஒரு பூச்சு இருக்கும். அதில் கத்தி முனையளவு கீறல் விழுந்தாலும் வினாகிரியின் ஆவி தகரத்தைத் தேடிப் பிடிக்கும். இரண்டு வாரத்தில் துரு மேலேயிருந்து உதிரத் தொடங்கும். ஆகவே முப்பது போத்தலுக்கும் மூடிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறலோ துருப்புள்ளியோ உள்ளவற்றைக் கழித்துவிட்டு, உணவுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் திருகு மூடிகளை வாங்குங்கள். மூடிக்கும் போத்தல் வாய்க்கும் நடுவே வாட்டிய வாழையிலைத் துண்டு வைப்பது எங்கள் உம்மாவின் வழக்கம். ஒரு வாரத்தில் முடியும் அச்சாறுக்கு நானும் அப்படியே செய்வதுண்டு.

வயற்காரன் அக்கரைப்பற்று எழுதியது:

தங்கச்சி, நிறம் பூசும் வாளியைத் தயவுசெய்து எடுக்கவேண்டாம். இதைச் சொல்வதற்காகவே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் இருபோகமும் வேளாண்மை செய்யும் ஊர்கள். ஒவ்வொரு போகம் முடிந்ததும் களைநாசினிக் கான்களும் பூச்சிமருந்துக் கான்களும் வரம்போரம் கிடக்கும். வெள்ளையாகவும் உறுதியாகவும் இருப்பதால் அவற்றைக் கழுவித் தண்ணீர் எடுக்கப் பாவிப்போரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வளவில் ஒருவர் அப்படிப்பட்ட கானின் மேற்பகுதியை அறுத்து, சவர்க்காரத் தூளால் மூன்று நாள் கழுவி, வெயிலில் காயவைத்து, உப்பு மாங்காய் போட்டார். நான்காம் நாள் மூடியைத் திறந்தபோது மாங்காய் மணம் வரவில்லை, மருந்து மணம்தான் வந்தது. நல்லவேளையாக எவரும் வாயில் வைக்கவில்லை.

மருந்து பிளாஸ்டிக்கின் மேலே மட்டும் ஒட்டியிருப்பதன்று, சுவருக்குள் ஊறிவிடும். பிறகு உப்பும் புளியும் அதை மெல்ல வெளியே எடுக்கும். மருந்துக் கானை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, கானைத் துளைத்துவிடவேண்டும் என்பதுதான் முறை. துளைப்பது எதற்காக? வீட்டுக்குள் எவரும் அதைக் கொண்டுபோகாமல் இருக்கத்தான். நீலநிறப் பெரிய பரல்களும் அவ்வாறே: முன்பு உள்ளே என்ன இருந்தது என்று விற்பவர் சொல்லமாட்டார், பல வேளைகளில் அவருக்கே தெரியாது.

செங்கலடி மாணவி எழுதியது:

வயற்கார அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் உணவுத் தொழில்நுட்பம் கற்பவள். கல்லடி அக்காவின் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றோ 2 என்றோ எண் இருக்கக்கூடும். 5 பொலிப்புரொப்பிலீன், 2 அடர்த்தி கூடிய பொலித்தீன். இரண்டும் வினாகிரியைத் தாங்கும் வகைகளே. அதனால் எண்ணைப் பார்த்தவுடன் "இது நல்ல பிளாஸ்டிக்" என்று பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

அந்த எண் பிளாஸ்டிக்கின் இனத்தை மட்டுமே சொல்லும். உணவுக்கு உகந்ததா என்பதைச் சொல்லாது. நிறம் பூசும் வாளியை வார்ப்பவர் உணவை மனத்தில் வைத்து வார்ப்பதில்லை. அதற்கு மீள்சுழற்சிப் பிளாஸ்டிக்கையும் எந்தச் சாயத்தையும் சேர்க்கலாம். நிறப்பூச்சில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்தும் சுவரில் தங்கும். நீங்கள் தேடவேண்டிய குறி, தண்டுள்ள ஒரு கண்ணாடிக் கிண்ணமும் முட்கரண்டியும் சேர்ந்த சிறு படம். உணவைத் தொடுவதற்கென்று செய்யப்பட்டது என்பதே அதன் பொருள். அந்தக் குறியும் 2 அல்லது 5 என்ற எண்ணும் உள்ள புதிய வாளியை வாங்கினால் 15 கிலோ மரக்கறியை உப்பில் புரட்டி நீர் வடியவைக்க அது மிகவும் வசதியாக இருக்கும்.

மற்ற எண்களுள் 3 (பி.வி.சி.), 6 (பொலிஸ்ரைரீன்), 7 (ஏனையவை) ஆகியவற்றை அச்சாறுக்கு எடுக்காமல் விடுவதே நல்லது. 7-இல் அடங்கும் பொலிகாபனேற்றில் பிஸ்பினோல்-ஏ என்ற பொருள் உண்டு. குழந்தைப் பால்போத்தல்களில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் தடைசெய்தது. தண்ணீர்ப் போத்தல்கள் 1-ஆம் இனம். குளிர்ந்த வினாகிரிக்கு அவை குற்றமில்லை, ஆனால் 70 பாகை செல்சியஸை அண்டினாலே இளகிச் சுருங்கிவிடும். கொதித்த வினாகிரியை எந்தப் பிளாஸ்டிக்கிலும் ஊற்றாமல், ஆறவிட்டு ஊற்றும் பழக்கம் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

திருக்கோவில் பெரியவன் எழுதியது:

எல்லோரும் கற்றவர்கள்; பேசுவதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆயினும் ஒரு மனக்குறையைச் சொல்லவேண்டும். என் பாட்டி சீனச்சாடியில்தான் ஊறுகாய் போட்டார். மண்பானையில் உப்பும் கொறுக்காய்ப்புளியும் வைத்து மீனை அடுக்கி ஜாடி போட்டார்கள், அது மழைக்காலம் முழுவதும் வந்தது. எருமைத் தயிரை இன்றும் மண்சட்டியில்தான் உறையவைக்கிறோம், தயிரும் புளிப்புத்தானே? ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் புளி கரைத்து இரசம் வைத்தோம். அப்படிச் சாப்பிட்ட எங்கள் தலைமுறை எண்பது வயதைத் தாண்டி நிற்கிறது. மகள் அம்மாவின் சாடியைக் கைவிட்டுக் கடைப் பிளாஸ்டிக்கை வாங்கவேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்லாற்று ஆசிரியன் எழுதியது:

பெரியவருக்கு என் வணக்கம். நீங்கள் எழுப்பியவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதில் பெறவேண்டியவை. அவற்றைப் பழையது, புதியது என்று பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

முதலில் சொல்லால் வரும் குழப்பம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசியது வெள்ளீயம். செம்பின் களிம்பு உணவில் ஏறாமல் தடுக்கவே அதைப் பூசினார்கள். நஞ்சான உலோகம் காரீயம். வெள்ளீயம் விலை கூடியதென்று காரீயம் கலந்து பூசியவர்களும் உண்டு. ஆயினும் தூய வெள்ளீயம் பூசிய பாத்திரத்தில் புளி கரைத்தது உங்கள் பாட்டியார் செய்த பிழையன்று.

மண்சட்டித் தயிரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முற்றிலும் உண்மை. அந்தச் சட்டிக்குப் பளபளப்புப் பூச்சே இல்லை, ஆகவே அதிலிருந்து காரீயம் வர வழியில்லை. நீர் சட்டியின் நுண்துளைகள் வழியாகக் கசிந்து ஆவியாவதால் தயிர் குளிர்ந்து இறுகுகிறது. நம் எருமைத் தயிரின் கெட்டி அங்கிருந்தும் வருகிறது. அச்சாறுக்கு அதே நுண்துளைதான் தடை. உப்பு நீர் சுவருக்குள் ஏறி, வெளிப்புறத்தில் வெண்பூவாகப் பூத்து, சட்டியைச் செதில் செதிலாக உதிர்க்கும். உள்ளே மட்டம் இறங்கி மரக்கறி காற்றுக்கு வெளிப்படும். சென்ற தடவையின் பூஞ்சணம் துளைகளில் தங்கி அடுத்த தடவைக்குக் காத்திருக்கும். தயிர் ஓரிரவுக் காரியம், அச்சாறு மாதக்கணக்குக் காரியம்.

இனிச் சீனச்சாடி. சாடியின் பளபளப்பு என்பது களிமண்ணின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடியே. 1200 பாகையை ஒட்டிய வெப்பத்தில் சுட்ட கற்களிமண் சாடிகளில் அந்தக் கண்ணாடி காரீயமின்றியே உருகும். அவை அச்சாறுக்கு மிகச் சிறந்த பாத்திரங்கள். குறைந்த வெப்பத்தில் சுட்ட சாடிகளில் கண்ணாடி எளிதில் உருகவேண்டும் என்பதற்காகப் பல நாடுகளில் காரீய ஒட்சைட்டைச் சேர்த்தார்கள். அந்தக் காரீயத்தை அமிலம் வெளியே இழுக்கும். தேசிக்காய்ச் சாற்றிலுள்ள சித்திரிக் அமிலம் உலோகத்தைப் பற்றிப்பிடித்துக் கரைப்பதில் வல்லது. பாத்திரங்களில் காரீயம் கசிகிறதா என்று ஆய்வுகூடத்தில் அறியும் முறையைக் கேளுங்கள்: 4 சதவீத அசற்றிக் அமிலத்தை நிரப்பி, 22 பாகை வெப்பநிலையில் 24 மணி நேரம் வைத்து, பிறகு அந்தத் திரவத்தை அளக்கிறார்கள். 4 சதவீத அசற்றிக் அமிலம் என்றால் ஏறத்தாழ வினாகிரி. அதாவது ஆய்வுகூடம் ஒரு நாள் செய்யும் சோதனையை நாம் அச்சாறு போட்டு மாதக்கணக்கில், நம் வெப்பத்தில், குடும்பத்தார் வயிற்றில் செய்துகொண்டிருக்கிறோம்.

காரீயம் உடனே மயக்கமோ வாந்தியோ தராது. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமாகவும், பிள்ளைகளுக்குக் கற்கும் ஆற்றல் குறைவாகவும் மெல்ல வெளிப்படும். அதைச் சாடியோடு எவரும் முடிச்சுப்போடமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாதிப்பில்லாத காரீய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற சாட்சியம், எவ்வளவு நேர்மையானதாயினும், இந்த ஒரு விடயத்தில் போதாது.

தங்கச்சி, சாடியைப் பற்றி இரண்டு தகவல் வேண்டும். உட்புறப் பூச்சின் நிறம் என்ன, அதில் மயிரிழை வெடிப்புகள் உண்டா? அடுத்து, சாடியைக் கவிழ்த்து, அடியில் பூச்சில்லாத வளையத்தில் ஒரு துளி நீர் விட்டு, அது நிற்கிறதா உறிஞ்சப்படுகிறதா என்று பாருங்கள்.

கல்லடிக்காரி எழுதியது:

பார்த்துவிட்டேன், ஆசிரியர் ஐயா. வெளிப்புறம் கபிலம். உட்புறம் தேன் போன்ற மஞ்சள், கழுத்தருகே பச்சை கலந்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சிலந்தி வலை போல நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றன. அடியில் விட்ட நீர்த்துளி நான் விரலை எடுப்பதற்குள் உள்ளே போய்விட்டது. அந்த இடம் மட்டும் கறுப்பாக நனைந்து தெரிந்தது.

அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காக இது என்று கேட்டபோது மறைக்க மனம் வரவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் சாடியின் வாயைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்த சென்ற ஆண்டுத் தேசிக்காய் ஊறுகாயை இப்போதுதான் கிண்ணத்துக்கு மாற்றியிருக்கிறோம். அதை என்ன செய்வது? கருவுற்றிருக்கும் என் தங்கை சென்ற மாதம்கூட அதைக் கேட்டு வாங்கிச் சென்றாள்.

கல்லாற்று ஆசிரியன் எழுதியது:

நீரை உறிஞ்சியதால் அது கற்களிமண் அன்று, குறைந்த வெப்பத்தில் சுட்ட மண். தேன்மஞ்சளும் பச்சையும் காரீயப் பூச்சுகளில் வழமையாகக் காணப்படும் நிறங்கள். வெடிப்பு இருப்பதால் அமிலம் பூச்சுக்கு அடியிலும் சென்றிருக்கும். இவற்றால் காரீயம் உண்டென்று நிறுவ முடியாது. ஆனால் இல்லையென்று நம்புவதற்கும் ஒன்றுமில்லை. கடைகளில் விற்கும் தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சிகள், மாதக்கணக்கில் கசியும் சிறு அளவைத் தவறவிடக்கூடும். உறுதியாக அறிய உலோகப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வுகூடமே வழி.

ஊறுகாயைக் கொட்டிவிடுங்கள். தங்கையிடம் இருப்பதையும் உண்ணவேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். அடுத்த முறை கிளினிக் செல்லும்போது மருத்துவரிடம் இதைச் சொன்னால், தேவையென்று அவர் கருதினால் இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்க ஏற்பாடு செய்வார். ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் அளவு சிறிது. ஆகவே பதற்றம் வேண்டாம், ஆனால் ஒத்திப்போடவும் வேண்டாம். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவருடைய கைப்பக்குவத்தில் குற்றமில்லை. சாடியின் பூச்சுக்குள் என்ன இருக்கிறது என்பதை எவரும் கண்ணால் பார்த்து அறிந்திருக்க முடியாது.

திருக்கோவில் பெரியவன் எழுதியது:

கருவுற்ற பிள்ளை என்று படித்தபின் எனக்கு வாதாட எதுவுமில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு சாடி இருக்கிறது. கவிழ்த்து நீர் விட்டுப் பார்த்தேன். துளி முத்துப் போல நின்றது, உட்புறமும் கடும் கபில நிறம், வெடிப்பில்லை. அதைத் தொடர்ந்து பாவிக்கலாமா, ஆசிரியர்?

கல்லாற்று ஆசிரியன் எழுதியது:

அது கற்களிமண்ணாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. விளிம்பிலும் உட்புறத்திலும் தீட்டிய நிறச்சித்திரங்கள் இல்லையென்றால் நான் பாவிப்பேன். ஆனால் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் உண்ணும் ஊறுகாயென்றால் ஆய்வுகூட முடிவு வரும்வரை கண்ணாடிக்கு மாற்றிவிடுவேன்.

காத்தான்குடி அடுப்படி எழுதியது:

சகோதரியின் தங்கைக்கு அல்லாஹ் நலத்தைக் கொடுக்கட்டும். இனி 15 கிலோவுக்கு வருவோம். ஒரு லீற்றர் போத்தலில் வினாகிரியுடன் சேர்த்து ஏறத்தாழ 650 கிராம் மரக்கறிதான் கொள்ளும். ஆகவே ஒரு லீற்றர் போத்தலென்றால் 23, உங்கள் ஜாம் போத்தல்கள் சிறியவையென்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். வினாகிரி 9 லீற்றரளவு தேவைப்படும். லேபலில் அசற்றிக் அமிலம் 5 சதவீதம் என்று உள்ளதைத் தெரிந்து வாங்குங்கள், தண்ணீர் கலக்காதீர்கள். பாத்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே புளிப்புக் குறைந்தால் அது காப்பாற்றாது.

போத்தலின் வாயிலிருந்து அரை அங்குலம் விட்டு நிரப்புங்கள். மரக்கறி முழுவதும் வினாகிரிக்குள் அமிழ்ந்திருக்கவேண்டும். மேலே மிதக்கும் துண்டில்தான் பூஞ்சணம் முதலில் ஏறும். என் வீட்டில் உதவிக்கு வந்த பிள்ளை ஒருமுறை கடற்கரையில் பொறுக்கிய அழகான வெள்ளைக் கல்லைக் கழுவி மேலே பாரமாக வைத்துவிட்டாள். மறுநாள் குமிழி குமிழியாக நுரைத்திருந்தது, கல்லின் முனை கரைந்திருந்தது.

செங்கலடி மாணவி எழுதியது:

அது முருகைக்கல், ராத்தா. முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் கல்சியம் காபனேற்று. வினாகிரி பட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறி நுரைக்கும். கல் கரைவதைவிடக் கவலை தருவது, அது வினாகிரியின் புளிப்பையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பதே. அச்சாறின் பி.எச். 4.6-க்கு மேல் ஏறிவிட்டால், காற்றில்லாத போத்தலுக்குள் குளொஸ்திரிடியம் பொற்றுலினம் என்ற பற்றீரியா வளர்ந்து, மணத்திலோ சுவையிலோ தெரியாத கொடிய நஞ்சை உண்டாக்க இடமுண்டு. பாரத்துக்குச் சிறிய கண்ணாடிக் கிண்ணத்தை வையுங்கள். கல்தான் வேண்டுமென்றால் முதலில் அதில் வினாகிரி விட்டு, நுரைக்காததைத் தெரிந்து, கொதிக்கவைத்துப் பாவியுங்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். வினாகிரி சேர்க்காமல் உப்பு நீரில் மட்டும் போட்டுப் புளிக்கவைப்பதென்றால், இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் வாயுவை வெளியிடும். அப்போது மூடியை இறுக்கினால் போத்தல் வெடிக்கும். தளர்வாக மூடி நாள்தோறும் ஒருமுறை திறந்து மூடவேண்டும். வினாகிரி அச்சாறு வாயு விடாது. அந்தப் போத்தலின் மூடி மேலே உப்பினாலோ திறக்கும்போது சீறினாலோ கெட்டுவிட்டது என்று பொருள். சுவை பார்க்காமலே கொட்டிவிடுங்கள். நம் வீடுகளின் வெப்பத்தில் அச்சாறு போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. சூடாக ஊற்றிக் கவிழ்த்து வைத்தால் மூடி இறுகும் என்பது உண்மைதான், ஆனால் அந்த இறுக்கத்தை நம்பி மாதக்கணக்கில் வெளியே வைக்கக்கூடாது.

கல்லடிக்காரி எழுதியது:

திருமணத்துக்கு ஆறு நாள் இருக்கிறது, அச்சாறு போட்டு முடித்துவிட்டேன். கிண்ணமும் முட்கரண்டியும் உள்ள வாளி ஒன்று புதிதாக வாங்கி, அதில் உப்புப் போட்டு நீர் வடியவைத்தேன். வினாகிரியையும் அரைத்த கடுகையும் சில்வர் சட்டியில் கொதிக்கவைத்தேன். ஜாம் போத்தல் முப்பதில் வாய் உதிர்ந்தவை ஆறு, மூடி துருப்பிடித்தவை ஒன்பது. குறைந்ததற்கு ஒரு லீற்றர் போத்தல்கள் வாங்கிச் சேர்த்தேன். நிறம் பூசிய வாளிகளில் செம்பருத்தி நட்டாயிற்று. தங்கையின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது; கவலைப்பட ஏதுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சாடியை அம்மா வாசலில் குடை வைக்க எடுத்துக்கொண்டார். தேசிக்காயை இப்போது கண்ணாடிப் போத்தலில் போட்டு, நாள்தோறும் அவரே வெயிலில் திருப்பித் திருப்பி வைக்கிறார்.

ஒரே ஒரு ஐயம். நேற்று இரண்டு போத்தல்களில் உள்ளிப் பற்கள் நீலப்பச்சையாக மாறியிருக்கின்றன. கண்ணாடியில்தான் போட்டேன், செம்புப் பாத்திரம் எதுவும் அருகில்கூட வரவில்லை. இவற்றையும் கொட்டவேண்டுமா?

செங்கலடி மாணவி எழுதியது:

கொட்டவேண்டாம், அக்கா. செம்புப் பாத்திரத்திலும் உள்ளி இப்படி மாறக்கூடும் என்பதால் உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் கண்ணாடியில் போட்டும் மாறியதென்றால், உள்ளியிலுள்ள கந்தகச் சேர்வைகள் வினாகிரியின் அமிலத்தோடு சேர்ந்து உண்டாக்கிய நிறம் அது. அறுவடையாகிக் குளிரில் சேமித்த உள்ளியில் இது கூடுதலாக நிகழும். உடலுக்குத் தீங்கில்லை. விருந்தினர் கண்டு முகம் சுளிப்பார்கள் என்று தோன்றினால் அந்த இரண்டு போத்தல்களை மட்டும் வீட்டுக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பந்திக்கு அனுப்புங்கள்.